மடிப்பு தப்பென்று டெஸ்ஸுக்குத் தெரியும்

மாரிட் டோலஃப்சன் ஒரு வைரஸின் மரபணு இழையான ஆர்.என்.ஏ.வோடு ஆய்வகத்தில் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவள். அந்த இழை தன் மேலேயே மடிந்து, வாலைத் தன் வளையத்துக்குள் நுழைத்து ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்று அவள் கண்டுபிடித்தபோது, முதலில் ஓடி வந்து கட்டிப்பிடித்துக் குதித்தவள் எதிர் ஆய்வகத்து டெஸ்தான். அமெரிக்காவின் மேடிசன் நகரில் மாரிட்டுக்கு இருந்த ஒரே நெருங்கிய தோழி. ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்ததும் மாரிட் முதலில் படிக்கக் கொடுத்ததும் அவளிடம்தான்.

கட்டுரை வெளிவந்தது. குளிரில் ஊர் ஏரி உறையத் தொடங்கியபோது, அதை வெளியிட்ட பத்திரிகையிலிருந்து இன்னொருவர் எழுதிய மறுப்பு ஒன்று வந்தது, பதில் சொல்லச் சொல்லி. சோதனைக்குழாயில் மக்னீசியம் அளவுக்கு மீறி இருந்ததால்தான் அந்த முடிச்சு. உயிரணுவில் இருக்கும் அளவுக்குக் குறைத்தால் அவிழ்ந்துவிடுகிறது என்றது அது. எழுதியவர் பெயர்: டெஸ் மக்காலிஸ்டர்.

மாரிட் நேரே எதிர் அறைக்குப் போனாள்.

"எப்பப் பண்ண சோதனைடி இது?"

டெஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "கோடை முடியறப்ப."

"அப்ப என் கட்டுரை உன் கையிலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. கெடுக்க மனசு வரல."

"கமா எங்க வைக்கணும், எங்க எடுக்கணும்னு பக்கம் பக்கமா திருத்திக் கொடுத்தியே. அதுக்கு மட்டும் மனசு வந்துச்சா?"

"இப்படி ஒண்ணு என் பேர்ல வந்தாத்தானே எனக்கும் ஒரு வேலை கிடைக்கும், மாரிட்? வேணும்னா நீயும் சேர்ந்துக்கோ. ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம்."

"என் தப்பைப் பிடிச்சதுல எனக்கே பங்கா? ரொம்பப் பெரிய மனசுடி உனக்கு."

டெஸ் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்ற வெறியில் மாரிட் சோதனையை மறுபடி செய்தாள். மக்னீசியத்தைக் குறைத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. திரும்பவும் செய்தாள், திரும்பவும் அவிழ்ந்தது. டெஸ் பொய்க்காரியாக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

"ஒரு பதில் எழுதிப் பார்க்கலாமே," என்றார் அவளுடைய ஆய்வகத் தலைவர் ஹோவர்ட்.

"இல்லாத முடிச்சுக்காக எதை வச்சுச் சண்டை போடறது, ஹோவர்ட்?"

கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டாள். காரணத்தையும் மறைக்காமல் எழுதினாள். மக்னீசியத்தைச் சுட்டிக்காட்டியது டெஸ் என்பதையும் சேர்த்தே. மறுப்பதற்குக் கட்டுரையே இல்லை என்றானதும் பத்திரிகை டெஸ்ஸின் மறுப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது.

மறுநாள் காலை டெஸ் முகம் சிவக்க வந்து நின்றாள்.

"இப்படிச் செய்யப்போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நாம அப்படியா பழகினோம்?"

மாரிட் அவள் முகத்தையே பார்த்தாள். கிண்டலா என்று தேடினாள். இல்லை, கண் கலங்கியிருந்தது, உண்மையாகத்தான் கேட்கிறாள். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் மாரிட்டுக்கு வலித்தது. கையுறையை மாட்டிக்கொண்டு, அவள் போகும்வரை வேறு பக்கம் திரும்பி நின்றாள்.