டாக்டரின் இடப்பக்க மீசை

என் வீட்டுக்காரர் ஊரிலேயே பேர்போன முடிதிருத்துபவர். அப்படிப்பட்ட கைக்காரர் ஒருநாள் ஒருவருக்கு வலப்பக்கம் மட்டும் வெட்டிவிட்டு, துணியை உதறி, "முடிஞ்சுதுங்க" என்றார். அடுத்தடுத்து மூன்று பேர் பாதித் தலையோடு சண்டைக்கு வந்தார்கள். பிறகு ஈ ஓட்டினோம். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

வீட்டிலும் அதே கூத்து. தட்டின் வலப்பாதியைத் தின்றுவிட்டு, "சோறு பத்தல" என்பார். இடப்பக்கம் குத்துக்கல்லாட்டம் நான் உட்கார்ந்திருப்பேன், முகம் கொடுக்கமாட்டார். எனக்கு வயிறு எரியும். நானும் வீம்புக்கு வாய் திறக்கமாட்டேன்.

கடை போய்விடுமே என்று கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினார். இவர் கடகடவென்று படித்தார்.

"கண்ணு அருமையா இருக்கும்மா. மூளை டாக்டரைப் பாருங்க."

மூளை டாக்டர் முழங்காலைத் தட்டினார், நடக்கவிட்டார். "மூளை நல்லாத்தான் இருக்கு. பார்வைன்னா கண் டாக்டர்தான்."

திரும்பி வந்தால், "உங்க வீட்டுக்காரருக்குக் கவனம் போதாது" என்றார் முதலாமவர். கண்ணுக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள வழிக்கு டாக்டரே கிடையாதுபோல.

அந்தக் கண் டாக்டருக்குப் பெரிய மீசை. 'நோயாளியை முழுதாகப் பார்ப்பது எப்படி' என்று மாநாட்டில் பேசப் போகும் காலையில், வேறு கடை திறந்திராததால் எங்களிடம் வந்தார். நான் எச்சரித்திருக்கலாம். ஆனால் அவரே நல்ல கண் என்று சொன்னபிறகு நான் யார் மறுக்க?

நாற்காலியில் கண்ணயர்ந்தார். இவர் தலைமாட்டில் நின்று வலப்பக்க மீசையை அழகாகக் குறைத்துவிட்டு, "முடிஞ்சுதுங்க" என்றார்.

டாக்டர் கண்ணாடியைப் பார்த்து அலறினார். "யோவ், இந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம் சார்?"

இவர் உண்மையாகவே தேடினார். டாக்டர் முகம் வெளுத்தது. எதிரே நின்று, இவருடைய இடப்பக்கம் விரலை ஆட்டினார். இவர் கண்டுகொள்ளவே இல்லை. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவருக்கு மீசையில் வந்தது.

நரம்புக் கோளாறால் பார்வை கெடுவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறாராம். அன்றே அனுப்பிவைத்தார். அந்தம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கண்ணு பார்க்குதும்மா, மூளைதான் வாங்கிக்கல. மூளையில வலப்பக்கம் ரத்தம் அடைச்சிருக்கு, அதான் இடப்பக்கம் தெரியல. போன பார்வை திரும்புமான்னு சொல்ல முடியாது. மருந்தை விடாதீங்க. இடப்பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பழகட்டும்."

இப்போது ஒரு பக்கம் முடிந்ததும் நாற்காலியைத் தன்னை நோக்கிச் சுழற்றிக்கொள்கிறார். மிச்சப் பக்கம் அவருடைய வலப்பக்கம் வந்துவிடுகிறது. ஆட்களும் வரத் தொடங்கிவிட்டார்கள்.

டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பிடும்போது, அந்தம்மா சொன்னபடி தலையை இடப்பக்கம் திருப்பினார். கை அப்படியே நின்றது.

"இங்கயா இருக்கே? கோவிச்சுக்கிட்டு நீ என்கூட உக்காரவே மாட்டேங்குறியோன்னு நினைச்சேன்டி."

தட்டைத் திருப்பி வைத்தேன்.