யாரும் எழுந்திருக்க வேண்டாம்

அலை மறுபடியும் அம்மாவின் மடியில் வந்து விழுந்தது. "இதுக்குத்தான் வீட்டுலயே கிடக்கலாம்னு சொன்னேன்" என்று முந்தானையைப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீர் எதிரில் உட்கார்ந்திருந்த மகளின் காலில் சொட்டியது. மகள் காலை நகர்த்தவில்லை. நகர்த்த இடமும் இல்லை.

காலையில் கிளம்பும்போது மூன்று தீவு என்று சொல்லியிருந்தார்கள். முதல் தீவில் இறங்கி நிழல் தேடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் மண்டையைப் பிளக்கும் வெயில். இரண்டாவது தீவைத் தூரத்திலிருந்தே காட்டினார்கள். அதற்குள் மேற்கே கருத்துக்கொண்டு வரவே, படகோட்டி யாரையும் கேட்காமல் படகைக் கரைப்பக்கம் திருப்பிவிட்டார்.

"மூணாவது தீவு எங்கப்பா?" என்று முன்வரிசையில் தொப்பி போட்டிருந்தவர் கேட்டார்.

"மழைக்குப் பின்னாடி இருக்கு சார்."

"அப்ப அதையும் பாத்த கணக்குல சேத்துக்கறோம்."

சிலர் சிரித்தார்கள். படகோட்டி சிரிக்கவில்லை. "கரை சேர்ற வரைக்கும் யாரும் எழுந்திருக்க வேண்டாம். இந்த அலையில ஒருத்தர் எழுந்தாலும் ஒரு பக்கமா சாய்ச்சிரும்" என்றார்.

மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, காலடியில் இருந்த பையை எடுத்து அவளிடம் கொடுத்தார். "தண்ணி உள்ள வருது. இத மடியில வச்சுக்கோ." பிறகு கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, கூரையைத் தாங்கும் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

"பாரு, கடையச் சாத்திட்டாரு" என்றாள் அம்மா.

அந்த வீட்டில் அதற்குப் பெயரே அதுதான். அம்மாவும் மகளும் வார்த்தை தடிக்கத் தொடங்கினால் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். பேருந்துப் பணிமனையில் முப்பது வருஷம் ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து நேரம் குறித்தவர். அங்கே எப்படிச் சமாளித்தாரோ, வீட்டில் இப்படித்தான் சமாளித்தார். சண்டை ஓய்ந்ததும் கண்ணைத் திறந்து, "காப்பி இருக்கா?" என்று கேட்பார்.

இன்று அப்படி விடக் கூடாது என்றுதான் மகள் இந்தப் படகுக்கே ஏற்பாடு செய்தாள். அவளுக்கு நாற்பத்தொன்று ஆகிவிட்டது. அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் கண்ணாடிக் கடைக்காரர் மனைவியை இழந்தவர், பத்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள். மூக்குக் கண்ணாடி மாற்றும் சாக்கில் அப்பா இரண்டு தடவை அந்தக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். மாடிப்படியில் வைத்து அவளிடம் மட்டும், "நல்ல மனுஷனாத்தான் தெரியுது" என்றார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா சொன்னது வேறு: "உங்கப்பா என் முன்னாடி வாயத் தொறந்து சரின்னு சொல்லட்டும். அதுக்கப்புறம் நான் ஏன் குறுக்க நிக்கறேன்?" அவர் வாயைத் திறக்க மாட்டார் என்ற தைரியம்.

வீட்டில் பேச்சை எடுத்தால் அவருக்குப் பால் வாங்கப் போக வேண்டியிருக்கும், மொட்டை மாடியில் துணி காயும். படகில் எங்கே எழுந்து போவார்? அதுதான் அவள் போட்ட திட்டம்.

"அப்பா, தூங்கற மாதிரி நடிக்காதீங்க. இன்னிக்காவது சொல்லிருங்க."

அவர் கழுத்தில் வியர்த்திருந்தது. வெயில் படுத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டாருடி. மனசுல இல்லாதத எப்படிச் சொல்லுவாரு?"

"அவர் மனசுல இருக்கறது உனக்குத் தெரியுமா?"

"கூட வாழ்ந்தவ நானா நீயா?"

அப்படியே வளர்ந்தது. கடைக்காரரின் முதல் மனைவி, அந்தச் சிறு பெண், ஊர் என்ன சொல்லும், ஊர் நமக்குச் சோறா போடுது என்று எல்லாம் வந்து போயின. ஒவ்வொரு அலைக்கும் அப்பாவின் தோள் மகளின் தோளில் வந்து இடித்துவிட்டு விலகிப்போனது. ஒரு அலைக்குப் பிறகு விலகவில்லை.

"கொஞ்சம் நிமிந்து உக்காருங்கப்பா" என்று எரிச்சலோடு முழங்கையால் தள்ளினாள். அவர் தள்ளிய பக்கம் போய்விட்டு, அதே கனத்தோடு திரும்பி வந்தார்.

பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுவதும் ரத்தம் எடுக்கிற விரல்கள் அவளுடையவை. கோத்திருந்த கைகளுக்கு அடியில் விரலை விட்டு மணிக்கட்டில் நாடியைத் தேடினாள். பிறகு முழங்கை மடிப்பில். பிறகு கழுத்தில். படகு இயந்திரத்தின் அதிர்வுதான் விரலில் ஏறியது.

பின்னால் திரும்பிப் பார்த்தாள். படகோட்டி அவள் கையையும் அப்பாவின் முகத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கரை இன்னும் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. அவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மறு கையை விரித்துக் கீழ்நோக்கி அமர்த்திக் காட்டினார். உட்காருங்கள்.

"என்னடி அவரு கழுத்தப் பிடிச்சிட்டிருக்க?"

"வேர்த்திருக்கு. துடைக்கறேன்."

"பேச்ச மாத்தாத." அம்மா பெஞ்சின் விளிம்பைப் பிடித்தாள். "நீ நகரு. நான் அவரு பக்கத்துல வந்து காதுல கத்தறேன். அப்பவாவது கேக்குதா பாப்போம்."

"உக்காரும்மா."

"நீ யாருடி என்ன உக்காரச் சொல்றதுக்கு?"

அம்மா பாதி எழுந்துவிட்டாள். படகு சாய்ந்தது. யாரோ ஒரு குழந்தையை இழுத்து அணைத்தார்கள். "அம்மா, உக்காருங்கம்மா" என்று படகோட்டி அதட்டினார். அம்மா காதில் வாங்கவில்லை.

"நான் பண்ணிக்கல" என்றாள் மகள்.

"என்ன?"

"அவரக் கல்யாணம் பண்ணிக்கல. விட்டாச்சு. நீ உக்காரு."

அம்மா உட்கார்ந்தாள். படகு நிமிர்ந்தது.

"கேட்டுச்சாங்க? அவளே சொல்லிட்டா. இனிமே கண்ணத் தொறக்கலாம்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஜெயித்தவளுக்கு மேற்கொண்டு என்ன பேசுவது என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கடலைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு என்ன படிக்குது?" என்றாள்.

"அஞ்சாவது."

"ம்."

அப்பாவின் தலை கம்பியில் இடிக்காமல் இருக்க மகள் தன் தோளைக் கொடுத்துக்கொண்டாள். பையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, கரை வரும்வரை அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

படகைத் துறையில் கட்டிய பிறகுதான் அப்பா போய்விட்டதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா கத்தவில்லை.

"எப்போ?"

"வர்ற வழியில."

"நான் பேசிட்டிருந்தப்பவா?"

மகள் தலையை மட்டும் அசைத்தாள்.

போலீஸ் வந்து பார்க்காமல் உடலை இறக்கக் கூடாது என்று துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள், உயிர் இருந்தால்தான் ஏற்றுவோம் என்றார்கள். போலீஸுக்குப் போன் செய்தால் கிளம்பியாச்சு என்றார்கள், மறுபடி செய்தாலும் கிளம்பியாச்சு என்றார்கள். மற்றவர்கள் அப்பாவின் கால்களைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். மழை பிடித்துக்கொள்ளவும் மறுபடி போட்டுக்கொண்டு ஓடினார்.

கூரை ஒழுகியது. படகோட்டி ஒரு நீலத் தார்ப்பாயைக் கொடுத்துவிட்டு மறுபடி அலுவலகத்துக்குப் போனார். பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பாவுக்கு மேலே, தலைமாட்டில் அம்மாவும் கால்மாட்டில் மகளும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கடைசியா உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"தண்ணி வருது, பைய மடியில வச்சுக்கோன்னாரு."

"அது என் காதுலயும் விழுந்துச்சே. அதுக்கப்புறம்?"

"எதுவும் சொல்லல."

அம்மா அவளையே பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

"என் காதுல விழாம, உன்கிட்ட மட்டும், எதுவும் சொல்லலையா?"

மழை இரைச்சலில் அந்தக் கேள்வி காதில் விழாத மாதிரி இருந்திருக்கலாம். அவர் சரி என்று சொன்னதாக வேறு பதிலும் சொல்லியிருக்கலாம்.

"இல்லம்மா" என்றாள்.

தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கி, அப்பாவின் முகத்துக்கு நேராகத் தொங்கியது. அம்மா ஒரு கையை விடுவித்து, அடியிலிருந்து உள்ளங்கையால் அதைத் தூக்கிவிட்டாள். தண்ணீர் சரிந்து கடலில் கொட்டியது. கையை எடுப்பதற்குள் அந்த இடத்தில் மறுபடி தேங்கத் தொடங்கியது.