வேப்பிலை கட்டிய கதவு

"செருப்போட படியில ஏறாதீங்க! அம்மா வந்திருக்கிற வீடு இது!"

"புள்ள ஒங்கடதான் தங்கச்சி, நான் இல்லண்டா சொல்றேன்? மூச்சு இழுக்குதே!"

சுகாதாரப் பரிசோதகர் றிஸ்வியும் ஞானேஸ்வரியும் போட்ட சத்தத்தில் சந்து முழுவதும் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுத்தது. எதிர்வீட்டுப் புஷ்பம் உதறிய சேலையையே மறுபடி உதறினாள். கண்டியில் கலவரம் அடங்கி மாதம் திரும்பவில்லை. வேடிக்கை பார்க்கவும் ஒரு சண்டை வேண்டாமா?

"சின்னமுத்து அம்மைக்கு ஊசி போட்டா அம்மா கோவிச்சுக்குவா. பெத்தவ நானா, கவர்மென்டா?"

"நீங்க தராட்டியும் கொண்டுபோகச் சட்டம் இருக்கு. பொழுதுபடமுந்தி அம்புலன்ஸ் வரும்."

உள்ளறையில் பிள்ளை தயாளனை மடியில் போட்டிருந்த பரிமளம் எல்லாவற்றையும் கேட்டாள். அவள் தயாளனுக்கு அத்தை. கலியாணமாகாமல் அண்ணியின் அடுப்படியில் சாப்பிடுகிறவள். அந்த வீட்டில் அவள் வாய் சாப்பிட மட்டுமே திறக்கும். ஆனால் பிள்ளையின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிவது அவள் கைக்குத் தெரிந்தது. அம்புலன்ஸ் வரட்டும், அண்ணி என்ன கத்தினாலும் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவது என்று முடிவு செய்தாள். பிள்ளையின் சுவெட்டரை மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

பொழுது சாய, அண்ணன் நடராஜா வழக்கம்போலப் பின்வழியாகக் கடையிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றவில்லை, சந்தில் பொலிஸ் ஜீப் சத்தம். போன வாரம் கலவர விசாரணைக்கென்று மேல்வீட்டுச் செல்லப்பாவின் மகனை ஏற்றிப்போன ஜீப் அவனை இன்னும் இறக்கவில்லை. நடராஜா விறகுக்குப் பின்னால் பதுங்கினார்.

உள்ளே ஆள் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்று பரிமளம் கதவில் கட்டிய வேப்பிலையைப் பிய்த்தெறிந்தாள். வெளியே வந்து, கதவைத் தன் முதுகாலேயே சாத்தினாள். இறங்கி வந்த பொலிஸ்காரரிடம், வீட்டில் ஆளில்லை, எல்லாரும் நாவலப்பிட்டி போய்விட்டார்கள் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்.

"பிள்ளையுமா?" என்றார் அவர்.

"பிள்ளையும்தான்."

ஜீப் பின்னால் நகர்ந்தது. அது மறைத்திருந்த இடத்தில், சந்தின் அடிவாரத்தில், வெள்ளை அம்புலன்ஸ் நின்றது. ஜீப் அதற்குத் துணையாகத்தான் வந்திருந்தது. அதன் படியில் றிஸ்வி.

கூப்பிட்டால் பொய் தெரியும். பொய் தெரிந்தால் வீட்டைச் சோதிப்பார்கள். விறகுக்குப் பின்னால் அண்ணன். பரிமளம் திறந்த வாயை மூடி, முதுகைக் கதவில் இன்னும் அழுத்தினாள். இரண்டு வண்டிகளும் திரும்பிப் போயின.

"என் உசுரக் காப்பாத்திட்ட தாயி" என்றார் நடராஜா. ஞானேஸ்வரிகூட முதல் தடவையாக அவளுக்குத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அது ஆறி ஏடு படிந்தது.

விடியும்போது பிள்ளையின் விலா குழிவது நின்றது.

"வேப்பிலைய எறக்கிட்டாங்க, அதான் அம்மா கோவிச்சிட்டுப் போயிட்டா" என்று புஷ்பம் சாவுவீட்டில் கண்டுபிடித்தாள். ஞானேஸ்வரி நிமிர்ந்து பரிமளத்தைப் பார்த்தாள். பரிமளம் மடித்த சுவெட்டரை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். எப்போது அதை எடுத்து வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

தை கழிந்ததும் நடராஜாவும் ஞானேஸ்வரியும் தலைமன்னாரில் கப்பலேறித் திருச்சிப் பக்கம் போனார்கள். றிஸ்வி மாற்றலாகிப் போனார். பரிமளம் நாவலப்பிட்டியில் ஒரு புடைவைக் கடைக்காரரைக் கட்டினாள். அவள் மகளுக்கும் ஒரு பங்குனியில் சின்னமுத்து போட்டது. வேப்பிலை கட்டினாள், அதில் குறையில்லை. ஆனால் அம்மா வந்த வீட்டில் தெருக்கதவை நாள் முழுக்க அகலத் திறந்து போட்டு, சின்னச் சுவெட்டர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். அந்தத் தெரு இன்னும் அதைத்தான் பேசுகிறது.