ஒரு மாடி மட்டும்

“எங்களுக்குன்னு ஒரு குண்டூசிகூட வேணாம்” என்றார் பெரிய ஹஜ்ரத்தின் மனைவி.

தேநீர்த் தட்டோடு அறை வாசலுக்கு வந்த மேஸ்திரியின் மனைவிக்கு அந்த ‘எங்களுக்குன்னு’ எங்கோ இடித்தது. அப்போ யாருக்கு என்று கேட்க வாயெடுத்தாள். கேட்காமல் தட்டைக் கீழே வைத்தாள்.

மேஸ்திரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தேய்த்துக் குளித்தும் போகாத சிமெண்டை நகக்கண்ணிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார். எதிரே பெரிய ஹஜ்ரத், மதரஸாவின் முதல்வர். பக்கத்தில் அவர் மகன். காலையில் மார்க்கக் கல்வி, மாலையில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்று ஹஜ்ரத் தொடங்கிய புதிய படிப்பில் முதலில் தேறியவன். மௌலவியும் அவனே, இன்ஜினியரும் அவனே என்பதால் தெருவில் அவனுக்கு ‘ரெட்டைப் பட்டம்’ என்று பெயர்.

ஹஜ்ரத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. மதரஸாப் பிள்ளைகள் உண்டியலைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்குவதை நிறுத்தியவர் அவர். கம்ப்யூட்டரை உள்ளே கொண்டுவந்தபோது சண்டைக்கு வந்தவர்களைக் கண்டு அசரவில்லை. பெண்களுக்குத் தனிப் பிரிவு திறந்தார். அதில் படித்து, மார்க்கம் கற்ற ஆலிமாவாகி, அங்கேயே ஆசிரியையாகவும் ஆனவள்தான் மேஸ்திரியின் மகள். மாணவிகளுக்குத் திருமணச் சட்டம் அவள்தான் எடுக்கிறாள். வரதட்சணை வாங்கும் கல்யாணத்தில் கை நனைக்காதீர்கள் என்று மேடைக்கு மேடை முழங்கும் மனிதர், தாமே பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது மேஸ்திரி வீட்டில் இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை.

ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். “மேஸ்திரி, வெளியில இருந்து வந்த உதவியெல்லாம் நின்னு போச்சு. இனிமே மதரஸா சொந்தக் கால்ல நிக்கணும். கீழ கடை கட்டி வாடகைக்கு விட்டாச்சு. மேல ஒரு மாடி எழும்பிட்டா கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிடலாம். வெளிப் பிள்ளைங்களும் கட்டணம் கட்டிப் படிப்பாங்க. அந்த ஒரு மாடியை மட்டும் உங்க பொறுப்புல விடலாம்னு பாக்கறேன்.”

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. “தாராளமா ஹஜ்ரத். கூலியில கொஞ்சம் குறைச்சே…”

“கூலி பேச்சு இல்லண்ணே” என்றார் ஹஜ்ரத்தின் மனைவி. “கல்லு, கம்பி, சிமெண்ட், எல்லாம் உங்க அன்பளிப்பா. கல்யாணத்தை ஒட்டி. நன்மை உங்களுக்குத்தானே? உங்க பேரைக் கல்லுல வெட்டி வாசல்லயே வெச்சிடுவோம். ரெட்டைப் பட்டம் வாங்கின பையனுக்கு வேற இடத்துல கார் தர்றோம், வீடு தர்றோம்னு நிக்கறாங்க. நாங்க அதையெல்லாம் தொட மாட்டோம்.”

தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது. மேஸ்திரியின் பார்வை சுவர் சுவராக அலைந்தது. இந்த வீட்டை விற்றாலும் அந்த மாடிக்குத் தூண்தான் நிற்கும். கூரைக்குக் கடன் வாங்க வேண்டும். ஹஜ்ரத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கூச்சமே இல்லை. தாம் கேட்பது தர்மம் என்றே அவர் மனதார நம்பினார். மேஸ்திரிக்கு அதுதான் பயமாக இருந்தது. பேராசைக்காரன் என்றால் பேரம் பேசலாம். இவரிடம் என்ன பேசுவது? ‘சரி’ என்று சொல்ல வாய் திறந்தார்.

“அத்தா, இருங்க.”

உள்வாசலில் மகள் நின்றாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“ஹஜ்ரத், மாப்பிள்ளை எனக்குத் தர வேண்டிய மஹர் என்னன்னு இன்னும் யாரும் கேக்கலையே. அதைச் சொல்ற உரிமை எனக்குத்தானே?”

“உனக்கேதான்மா. சொல்லு” என்றார் ஹஜ்ரத், தம் மாணவியைப் பார்க்கும் பெருமையோடு.

“அந்த மாடிதான் என் மஹர். உங்க மகன் கட்டி என் பேர்ல எழுதட்டும். அதை நானே மதரஸாவுக்கு விட்டுத் தர்றேன்.”

ரெட்டைப் பட்டம் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “அவ்வளவுக்கு நான் எங்கங்க போவேன்?”

“எங்க அத்தா எங்க போவாரு?”

“படிக்க வெச்சதுக்கு நல்ல மரியாதை!” என்று எழுந்தார் ஹஜ்ரத்தின் மனைவி.

ஹஜ்ரத் கையமர்த்தினார். “இது எனக்கு இல்லம்மா. மதரஸாவுக்கு.”

“தெரியும் ஹஜ்ரத். மதரஸா சொந்தக் கால்லயே நிக்கட்டும். எங்க அத்தா தோள்ல ஏறி நிக்க வேணாம்.”

அவர்கள் போனபோது தேநீரில் ஆடை படிந்திருந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது ரெட்டைப் பட்டம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்வான் என்று அவள் நின்றாள். ஹஜ்ரத் கூப்பிட்டார்; போய்விட்டான். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எப்படியாவது பாத்திருக்கலாமே! இனிமே யாருடி வருவா?” என்று அம்மா அழுதாள். மேஸ்திரி உட்கார முடியாமல் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். கடைசியில் மகள் எதிரே வந்து நின்றார். “சரின்னு சொல்லியிருப்பேன்மா. நாக்கு நுனிக்கு வந்திடுச்சு” என்றவர், அவள் தலையைத் தொட்டார்.

மறுநாள் வேலை போய்விடும் என்று நினைத்தே மகள் மதரஸாவுக்குப் போனாள். வேலை போகவில்லை. வகுப்பு வாசலில் ஆயா காத்திருந்தாள். “திருமணச் சட்டத்தை வேற ஆலிமா பாத்துப்பாங்களாம். உங்களைக் கணக்கு மட்டும் எடுக்கச் சொன்னாரு ஹஜ்ரத்.”

உள்ளே மாணவிகள் கிசுகிசுப்பதை நிறுத்தினார்கள். செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. அவள் சாக்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதினாள்:

‘ஒரு மாப்பிள்ளைக்கு ஒரு மாடி. வருஷத்துக்குப் பட்டம் வாங்கும் மாப்பிள்ளைகள் பன்னிரண்டு பேர். பத்து வருஷத்தில் கட்டடம் எத்தனை மாடி? கட்டிக் கொடுத்த அத்தாமார் எத்தனை பேர்? அவர்களில் சொந்த வீட்டில் இருப்பவர் எத்தனை பேர்?’

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. கடைசி வரியைப் படித்தவர்கள் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் வீட்டில் ஓர் அத்தா இருந்தார். ஒவ்வொருத்தியாக நோட்டைத் திறந்தாள்.

தாழ்வாரத்தில் செருமல் கேட்டது. வாசலுக்கு வெளியே ஹஜ்ரத் நின்றிருந்தார். பலகையை மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார்.

“என்னம்மா இது?”

“நீங்க எடுக்கச் சொன்ன கணக்குதான் ஹஜ்ரத்.”

வகுப்பில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெண்கள் தலை குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.