பின் இடது சக்கரம்

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. நாளிதழ் ஒன்றின் இணைப்பிதழுக்காக, பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு பிரேக் பராமரிப்பு பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரே காரை ஓட்டியவன் என்பதுதான் என் தகுதி. முதல் பத்தியை அன்றே எழுதிவிட்டேன்:

"எனக்குத் தெரிந்த பெண் ஒருவர், போன ஐப்பசி மழையில், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், குறுக்கே வந்த மாட்டைக் கண்டு பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். வண்டி வலப்புறம் இழுத்து, சுழன்று, சிறுபாலத்தின் சுவரில் மோதியது. நல்ல பிரேக் இருந்தால் போதாது, மிதிக்கவும் தெரிய வேண்டும்."

கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. பத்தியை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

2

கட்டுரையின் நடுப்பகுதி. தகவல்கள் சரியானவை. யாருக்காவது பயன்படட்டும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். குறைந்த அளவை ஊற்றி நிரப்பினால் போதாது. கடலோர ஊர்களில் சக்கர சிலிண்டர் சீக்கிரம் துருப்பிடிக்கும். (பின் சக்கரத்துக்குள் இருக்கும் கட்டைவிரல் அளவு உருளை அது. பெடலை மிதித்தால் ஆயில் இதற்குள் வந்து பிரேக்கை விரிக்கும்.) ஒன்று கசிந்தால் இரண்டு பக்கமும் மாற்றுவது நல்லது. மலிவான பிரேக் பேடு கிறீச்சிடும், முன் சக்கர டிஸ்கைத் தின்னும். பின் சக்கரத்தின் பழைய பிரேக் ஷூவில் புது லைனிங் ஒட்டி வாங்கலாம், ஒட்டுகிறவரைத் தெரிந்திருந்தால். ஆனால் எக்காரணம் கொண்டும் ஒரிஜினல் அல்லாத சிலிண்டரை

இந்த வாக்கியம் இங்கேயே நிற்கிறது.

3

மரியலூர்து கடலூர் முதுநகரில் பட்டறை வைத்திருக்கிறார். என் காரைக் கடைசிவரை பார்த்தவர். ஒரிஜினல் பாகம் உடனே கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்கப் போனேன். கட்டுரைக்குச் சுவையாக ஒரு பத்தி வேண்டியிருந்தது.

கிடைத்தது. கசிகிற சக்கரத்துக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதன் வாயில் சைக்கிள் பேரிங்கில் இருக்கும் சின்ன இரும்புக் குண்டு ஒன்றை வைத்து நட்டை முடுக்கிவிடுவார்களாம். அந்தச் சக்கரத்துக்கு ஆயில் போகாது, கசிவும் நிற்கும். மற்ற மூன்று சக்கரங்கள் வண்டியை நிறுத்தும். மெதுவாகப் போனால் இரண்டு நாள் தாங்கும்.

இதற்கு யார் சம்மதிப்பார்கள் என்று கேட்டேன்.

"நீங்கதான்" என்றார்.

சிரித்தேன்.

"நெசமாதான் சார். சிதம்பரத்துல கல்யாணம், விடிகாலைல போவணும்னு நின்னீங்க. லோக்கல் சிலிண்டர் கையில இருக்கு, போட்டுடறேன்னேன். ஒரிஜினல் தவிர எதுவும் என் வண்டில ஏறாதுன்னீங்க. சரி, திங்கக்கெழம வந்துடும், அதுவரைக்கும் குண்டு வச்சிருக்கேன், பாத்துப் போங்கன்னு சொல்லித்தான அனுப்பினேன்."

அலமாரியின் மேல்தட்டில் கைவிட்டு ஒரு சிறிய அட்டைப்பெட்டியை எடுத்தார். துடைத்தார். மார்க்கரில் என் பெயர். அதன் கீழே: பின் இடது.

"சிலிண்டர் வந்ததும் போன் பண்ணேன். அப்புறம் வரேன்னீங்க. ரெண்டு மாசத்துல வண்டிய வித்துட்டீங்கன்னாங்க. வாங்கினவங்க மாத்தியிருப்பாங்கன்னு வுட்டுட்டேன்."

பெட்டியின் ஒட்டு பிரிக்கப்படவில்லை. என் பெயரை மூன்று முறை படித்தேன். இந்த இடத்தில் பட்டறையின் சத்தமெல்லாம் அடங்கியதாக எழுதுவது வழக்கம். அடங்கவில்லை. பின்னால் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். உட்காரும்படி மரியலூர்து சொன்னார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

4

காரை வாங்கியவர் புஷ்பவள்ளி. முதல் பத்தியின் பெண்.

தேவனாம்பட்டினத்துக்காரர். கணவர் சுப்புராயன் கடலுக்குப் போவார். மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கிச் சிதம்பரத்து மெஸ்களுக்குக் கொண்டுபோவது இவர் வேலை. மீன் கூடையை பஸ்ஸில் ஏற்ற விடுவதில்லை. அதற்காகவே நாற்பது வயதில் கார் ஓட்டப் பழகினார். விற்றபோது நான் சொன்னது நினைவிருக்கிறது: "பிரேக் எல்லாம் பக்கா. எல்லாமே ஒரிஜினல்."

விபத்தில் அவருக்குக் காயமில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த சுப்புராயனின் இடது முழங்கால் நொறுங்கியது. இனி படகில் நிற்க முடியாது. கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. சக்கரத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. "தப்பா மிதிச்சது நான்தான்" என்று புஷ்பவள்ளியே எல்லோரிடமும் சொன்னார். கணவரின் அண்ணன் கேட்டதும் லைசென்ஸை அவரிடம் கொடுத்துவிட்டார்.

அப்போது ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். மழையில் விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டினார்.

[அடிக்குறிப்பு: மரியலூர்திடம் நேராகக் கேட்டேன். "அதனாலதான்னு சொல்ல முடியாது சார். அதனால இல்லன்னும் சொல்ல முடியாது. ஈரத்துல அழுத்தி மிதிச்சா வலது பக்கம் இழுக்கத்தான் செய்யும்."]

5

இந்தக் கதையின் 'நான்' மீது எனக்கு நம்பிக்கை இல்லை.

மறந்துவிட்டேன் என்கிறான். கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தான் என்பது நினைவிருக்கிறது. கீழவீதியில் காரை எந்தக் கடை முன்னால் நிறுத்தினான் என்பதும். குண்டு மட்டும் நினைவில்லை. திங்கட்கிழமை பிரேக் நன்றாகப் பிடித்திருக்கும். அதனால் செவ்வாய்க்கிழமை அது

வேறு வடிவம் ஒன்றும் எழுதிப் பார்த்தேன். அதில் மரியலூர்து என்னிடம் எதுவும் சொல்லவில்லை, குண்டை வைத்துவிட்டு முழுக் காசையும் வாங்கிக்கொண்டார். அந்த வடிவம்தான் நன்றாக வந்தது. வாசித்தவர்கள் கோபப்பட்டிருப்பார்கள், என் மீது அல்ல.

6

முடிவு அ: போய்ச் சொல்கிறேன். புஷ்பவள்ளி என்னை அறைகிறார். (எனக்குச் சௌகரியமானது.)

முடிவு ஆ: போய்ச் சொல்கிறேன். மன்னிக்கிறார். (இன்னும் சௌகரியமானது.)

முடிவு இ, நடந்தது: நேற்று முன்தினம் போனேன். சுப்புராயன் உள்ளறையில் படுத்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் புஷ்பவள்ளி பேசினார். படுத்தால் கால் தானாக அழுத்துகிறதாம். தூக்கம் இல்லையாம்.

"ஒரே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க சார். நான் எப்படி மிதிச்சிருக்கணும்?"

செருப்பைக் கழற்றினேன். சிமெண்டுத் தரையில் வலது காலை வைத்தேன். அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன். எதிரே நின்று அவரும் வெறுங்காலால் அதையே செய்தார். என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் மெதுவா" என்றேன்.

உள்ளேயிருந்து சுப்புராயன் சொன்னார்: "வண்டியே போயிடுச்சி. இன்னும் என்னா புள்ள பிரேக்கு."

புஷ்பவள்ளி நிறுத்தவில்லை. சரியாக வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

7

சொல்ல வேண்டியதை முழுவதுமாக, அழகாக, இந்தப் பகுதியில் எழுத முடியும். எழுதினால் சொல்லிவிட்டதாகவே நம்பிவிடுவேன். அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன்.

தேவனாம்பட்டினத்தில் ஐஸ் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்து, மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. புஷ்பவள்ளி இப்போது கூடையோடு ஷேர் ஆட்டோவில் போகிறார். பதினோரு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். கதவைத் தட்டுங்கள். அவர் மிதித்தது சரி என்று சொல்லுங்கள். அந்தக் காரில் மூன்று சக்கரங்களுக்குத்தான் பிரேக் இருந்தது, விற்றவனிடம் அது சொல்லப்பட்டிருந்தது என்றும் சொல்லுங்கள்.

தெரியும், சார் வந்து சொன்னார் என்று அவர் பதில் தந்தால், உங்களுக்கு முன்னால் நான் போயிருக்கிறேன்.