நாற்பத்தோராவது படிவம்

...அது அக்கா என்று இந்த அறையில் யாருக்கும் தெரியாது, தெரிய வழியும் இல்லை, திரையில் ‘பெண், முப்பத்தெட்டு வயது, ஆலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி’ என்று மட்டும்தான் இருக்கிறது, பிறகு எதற்கு இப்படிக் காது சுடுகிறது? அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினாள். திரைக்குப் பக்கத்தில் அவளுடைய விளம்பரக் கம்பெனி மேலதிகாரி, எதையும் மூன்றாகப் பிரித்தே சொல்வதால் ஆபீசில் மூணுபாயிண்ட் என்று பெயர் வாங்கியவர், சிமென்ட் ஆலை மேலாளரிடம் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார், தூசி பற்றி ஊருக்கு இருக்கிற பயத்தைப் போக்கும் திட்டம், ஆறு வாரம். ஆராய்ச்சி முழுக்க அவளுடையது. நாற்பது வீடு ஏறி இறங்கிக் கால் ஓய்ந்த சாயங்காலம், இன்னும் ஒரு படிவம் பாக்கி, பக்கத்திலேயே அக்கா வீடு... சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதே அவள்தான். ஒரு படிவத்தால் குடி முழுகிவிடுமா என்று நினைத்தாள்.

அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னாள், பரீட்சை எழுதுகிறவள் மாதிரி நடுநடுவே, சரியாச் சொல்றேனாடி என்று வேறு கேட்டுக்கொண்டாள். சின்னவனுக்கு இருமல் நிற்கவில்லை, ஜன்னலைத் திறந்து மூன்று மாதம் ஆகிறது... பதினேழாவது கேள்வி, தூசியால் ஆபத்தில்லை என்று யார் சொன்னால் நம்புவீர்கள், டாக்டரா, அதிகாரியா, பத்திரிகையா? அக்கா குழாயை மூடினாள். “அவங்கள்லாம் யாருன்னே எனக்குத் தெரியாதேடி. நீ சொல்லு, நம்புறேன்.” ‘மற்றவை’ கட்டத்தில் அவள் ‘குடும்பத்தில் ஒருவர்’ என்று எழுதினாள். எழுதும்போது கூசவே இல்லை, நாற்பது வீட்டில் கிடைக்காதது கிடைத்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது, ச்சே, என்ன ஜென்மம் நான்? அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மூணுபாயிண்ட் திட்டத்தையே திருப்பிப்போட்டார், துண்டுப் பிரசுரம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், ஆலையில் வேலை பார்க்கும் முந்நூறு பேரும் அவரவர் வீட்டில், சொந்தத்தில், சாப்பிடும்போது பேச்சுவாக்கில், தூசியால் ஒன்றும் ஆகாது என்று சொல்லட்டும்.

“நல்லா இருக்கே, இது யாருக்குத் தோணுச்சு?” என்றார் மேலாளர். மூணுபாயிண்ட் அவளைக் கைகாட்டினார். அவள் சிரித்தாள், சிரிப்பு வந்தே விட்டது, பழக்கம். மேஜைக்கடியில் போன் அதிர்ந்தது, அக்காதான். ‘அத்தனை வீடு அலைஞ்சு ஆராய்ச்சி பண்ணினியே, என்ன தெரிஞ்சுது? ஜன்னலைத் திறக்கலாமா? புழுக்கத்துல சின்னவன் தூங்கவே மாட்டேங்கிறான்.’ என்ன தெரிந்ததா... அப்படியென்றால் அக்கா இத்தனை நாளும் தூசியைத்தான் ஆராய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாளா? எவ்வளவு பயம், எப்போதிலிருந்து பயம், யார் சொன்னால் பயம் போகும், இருபத்திரண்டு கேள்வியையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள், தூசியில் என்ன இருக்கிறது என்று ஒன்றில்கூட இல்லை. ஆலையில் யாரையும் அவள் கேட்கவும் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்ற பயமா? மேலாளரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் சாத்தியிருந்தது, விளிம்பு நாலு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டி, ஓரம் பிரிந்த இடத்தில் மேலே இன்னொரு டேப் ஒட்டி. ஆலைக்குள் இருக்கும் இந்த அறைக்கு அவள் வருவது இது ஐந்தாவது முறை. முதல் நாளே அவள் அதைப் பார்த்தாள்.

எப்ப ஆரம்பிக்கலாம் என்று மேலாளர் கேட்டார், திங்கட்கிழமை என்றார் மூணுபாயிண்ட், இருவரும் அவளைப் பார்த்தார்கள், தலை தானாக ஆடியது. மேஜைக்கடியில், திறக்காதேக்கா என்று தட்டினாள்... ஏன் என்று கேட்பாளே, என்ன சொல்வது, அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அழித்தாள். திறக்கலாம்க்கா என்று தட்டிப் பார்த்தாள், விரல் அதற்கும் தயங்கவில்லை. இரண்டில் எதை அனுப்பினாலும் அக்கா ஏன் என்று கேட்கப்போவதில்லை, அவள்தான் குழாயை மூடிவிட்டு, நம்புறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாளே.