ஆமாம் என்கிற வாய்

அரசாங்கம் இலவசமாக நடத்திய ஆங்கில வகுப்பில் எல்லாருக்கும் எல்லாமே புரிந்தது. கேட் என்ற டீச்சரை உறுத்தியதே அதுதான். "புரிஞ்சுதா?" என்றால் போதும், அகதி முகாமிலிருந்து ஆஸ்திரேலியா வந்த கரேன் இன ஜனங்கள் அத்தனை பேரும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினார்கள். சொல்லிக்கொடுப்பவரின் முகத்துக்கு நேரே புரியவில்லை என்பது அவரை அவமதிப்பது. அவர்களில் ஒருத்தியான மூ தே அப்படித்தான் வளர்ந்திருந்தாள்.

அன்று டீச்சர் பலகையில் ஒரே வாக்கியத்தை எழுதி எல்லாரையும் சொல்ல வைத்தாள். 'எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்.' மூ தேவுக்குச் சொல்லும்போதே உடம்பு கூசியது.

மாலையில் புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டே அதைக் கணவன் லெர் சோவுக்குச் சொல்லித்தரப் பார்த்தாள். அவனும் அதே வகுப்பில் இருந்தவன்தான். கோழி வெட்டும் ஆலையில் வேலை கிடைத்ததும் நின்றுவிட்டான்.

"சூப்பர்வைசர் மூஞ்சிக்கு நேரா இதைச் சொல்லணுமா? நல்லாருக்குடி நீ சொல்றது. அந்த மனுஷன் சங்கடப்பட மாட்டாரா?"

"இன்னிக்கு என்ன சொன்னாரு?"

"புது மெஷின் வந்திருக்கு. கழுவுறப்போ சிவப்புப் பொத்தானை என்னமோ பண்ணணுமாம். புரிஞ்சுதான்னு கேட்டாரு. எல்லாரும் ஆமான்னோம்."

"அமுக்கணுமா, தொடவே கூடாதா?"

அவன் கீரையைப் பார்த்தான். "யாராவது ஒருத்தனுக்குப் புரிஞ்சிருக்கும்."

"எல்லாரும் இப்படியே நினைச்சிருந்தா? முதல்ல யாரு கழுவுறது?"

"நான்தான். நாளைக்குக் காலையில." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "கேட்டுட்டு அப்புறம் கை வைங்க. எனக்காக."

"சரி, சரி."

அந்தச் சரியும் ஆமாம் போலவே இருந்தது.

மறுநாள் வகுப்பு நடுவில் மூ தேவின் போன் அடித்தது. ஒரு பெண் கடகடவென்று ஆங்கிலத்தில் பேசினாள். கேட்டால் மொழிபெயர்க்க ஓர் ஆளை அரசாங்கமே போனில் சேர்த்துவிடும். அதற்கும் முதலில் புரியவில்லை என்று சொல்லியாக வேண்டும். லெர் சோவின் பெயர் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரி என்ற சொல்லும் விழுந்தது. மெஷின், கை. மற்றதெல்லாம் வெறும் இரைச்சல். பிறகு அந்தக் குரல் எதற்கோ அனுமதி கேட்பது போலத் தணிந்து, புரிகிறதா என்றது.

நேற்றைய வாக்கியம் பலகையில் இன்னும் அழியாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் மூ தே வாயைத் திறந்தாள்.

"யெஸ்," என்றாள். "யெஸ், யெஸ்."

அந்தப் பக்கம் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.